கரை நாடா யார் கையில்?

நாற்பதைத் தாண்டிய ஆண்மகனைத் தேடி வரும் வியாதிகள் மூன்று. சர்க்கரை, ரத்த அழுத்தம், பிஎச்.டி. முதல் இரண்டுக்கு மாத்திரை இருக்கிறது. மூன்றாவதற்கு கைடு இருக்கிறார். மாத்திரையே தேவலை!

எனக்கு மூன்றாவது வந்து மூன்று வருஷமாகிறது. பகலில் சென்னையில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் க்ளெய்ம் ஃபைல்களைப் புரட்டுகிறவன் நான். வீடு காஞ்சிபுரம். தினமும் ரயில். திருமால்பூர் - பீச் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் அன்றைக்கு இருபது பக்கம் படித்துவிடுவேன். கிடைக்காவிட்டால் எதிர் சீட்டுக்காரர் விரித்துப் பிடித்திருக்கும் பேப்பரின் பின்பக்கத்தைப் படிப்பேன். பார்ட் டைம் பிஎச்.டி. என்பதன் முழு விளக்கம் இவ்வளவுதான். ஆறு வருஷம் அவகாசம் தருகிறார்கள், கெஞ்சினால் இன்னும் இரண்டு. ஆபீஸிலிருந்து 'ஆட்சேபணை இல்லை' என்று கடிதம் வாங்கித் தரவேண்டும். மேனேஜருக்கு ஆட்சேபணை இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"என்ன சப்ஜெக்ட்டு?"

"சமூகப்பணியும் சமூகக் கொள்கையும், சார்."

"சோஷியல் ஒர்க்கா? ரொம்ப நல்லதுப்பா. நம்ம ஆபீஸ்ல ஒரு ரத்த தான முகாம் போட்டுடு!"

என் மாமனார் இன்னும் நேரடி. "சேவை பண்றதுக்கு எதுக்கு மாப்ளே பட்டம்? செய்ய வேண்டியதுதானே?"

மேனேஜர் தெரியாமல் சொன்னாலும் ஒரு பெரிய இடத்தைத் தொட்டுவிட்டார். சமூகக் கொள்கை என்று ஒரு படிப்பு இருக்கிறது, அதற்கு மரியாதை இருக்கிறது என்றால், அதற்குக் காரணமானவர்களில் ஒருவர் ரிச்சர்ட் டிட்மஸ் என்ற ஆங்கிலேயர். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் 1950-ல் பேராசிரியர் ஆனவர். அவருடைய டிகிரி என்ன என்று கேட்டால்... ஒன்றும் கிடையாது! பதினாலு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். பதினாறு வருஷம் எங்கே வேலை பார்த்தார் தெரியுமா? ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில், குமாஸ்தாவாக! பகலெல்லாம் பாலிசிக் கணக்கு, ராத்திரியில் ஏழைகளின் சாவுக் கணக்கு என்று எழுதி எழுதியே பேராசிரியர் ஆனார். (இதைப் படித்த அன்று எங்கள் ஆபீஸ் நாற்காலியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தேன். அது வழக்கம்போலக் கிரீச்சிட்டது.) 1970-ல் அவர் எழுதிய புத்தகம் முழுக்க ரத்த தானம் பற்றியதுதான். காசு வாங்கிக்கொண்டு ரத்தம் கொடுக்கும் அமெரிக்காவையும், சும்மா கொடுக்கும் இங்கிலாந்தையும் ஒப்பிட்டு, விலைக்கு வாங்கும் ரத்தத்தில்தான் வியாதி அதிகம் வருகிறது என்று காட்டினார்.

நம் நாட்டில் இந்தப் படிப்பு 1936-ல் பம்பாயில் டாட்டா பெயரில் தொடங்கியது. சென்னையில் மேரி கிளப்வாலா ஜாதவ் 1952-ல் சமூகப்பணிக் கல்லூரியை ஆரம்பித்தார். நான் எம்.எஸ்.டபிள்யூ. படித்தது இரண்டு இடத்திலும் இல்லை, தபாலில்! புத்தகம் வரும், நான் ஆபீஸில் இருப்பேன், தபால்காரர் அம்மாவிடம் கொடுப்பார், அம்மா அதைப் பத்திரமாக அரிசி டப்பா மேல் வைப்பார்.

சரி, தலைப்புக்கு வருகிறேன். டிபார்ட்மென்ட் பட்டியலில் ஒரு தலைப்பு தயாராக இருந்தது. 'காஞ்சிபுரம் பட்டு நெசவாளர்களின் சமூகப் பொருளாதார நிலை - ஓர் ஆய்வு.' அதை எடுத்துக்கொண்டு போனால் கைடு மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"நிலைன்னா எந்த நிலை? நிக்கற நிலையா, உக்கார்ற நிலையா? இந்தத் தலைப்புல லைப்ரரியில ஒரு அலமாரியே இருக்கு. உங்க ஊரைப் பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க."

உண்மைதான். எங்கள் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் பற்றி ஆர்ட்டர்பர்ன் எழுதிய புத்தகம் 1982-லேயே வந்துவிட்டது. செங்குந்தர்களைப் பற்றி மாட்டிசன் மைன்ஸ் 1984-ல் எழுதினார். பத்மசாலியர் பற்றி ஆர்த்தி கவ்லா 2018-ல் எழுதினார். மிச்சம் இருப்பது காஞ்சிபுரம் இட்லிதான்.

மேடம் கேட்டார். "புஸ்தகம் படிச்சு வராம, உங்களுக்கா என்ன தெரியும்?"

"கோர்வை போடத் தெரியும் மேடம்."

"நெய்வீங்களா?"

"நெய்யத் தெரியாது. கரை நாடா போடுவேன். சின்ன வயசுல போட்டிருக்கேன்."

மேடம் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "உக்காருங்க" என்றார். அதுவரை நான் நின்றுகொண்டிருந்தது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

கோர்வை என்றால் என்ன என்று கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த ஆண்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. (பில்லைப் பார்த்த அதிர்ச்சியில் சேலையைப் பார்த்திருக்க மாட்டீர்கள்.) காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரையைத் தனியாக நெய்து ஒட்டுப் போடுவதில்லை. குறுக்கே ஓடும் ஊடை இழை கரையில் ஒரு நிறமாகவும் உடலில் வேறு நிறமாகவும் போகவேண்டும். இரண்டு இழையும் சந்திக்கிற இடத்தில் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். சேலை கிழிந்தாலும் கரை பிரியாது என்று எங்கள் ஊர்க்காரர்கள் மார்தட்டுவது இதை வைத்துத்தான். இதற்கு ஒரு நாடா போதாது. உடலுக்கு ஒன்று, கரைக்கு ஒவ்வொன்று, ஆக மூன்று நாடா. நெசவாளிக்கு ஆண்டவன் கொடுத்தது இரண்டு கை. ஆகவே தறியில் அவர் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார வேண்டும். ஒவ்வொரு இழைக்கும் அந்த ஆள் கரை நாடாவைத் தள்ளி, வாங்கி, மறுபடி தள்ளவேண்டும். ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் தடவை என்று எண்ண ஆரம்பித்தால் தூக்கம் வந்துவிடும்.

1989-லிருந்து 1991 வரை அந்த இன்னொரு ஆள் நான்தான். ஒன்பது வயது முதல் பதினொன்று வரை.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் குழித்தறி. அப்பாவின் கால் இரண்டும் குழிக்குள் மிதியில். என் கால் எட்டாது, தொங்கும். விடியற்காலையில் உட்கார்ந்தால் வெளிச்சம் போகிற வரைக்கும். கண் சொக்கினால் அப்பாவின் முழங்கை என் விலாவில் மெதுவாக இடிக்கும். அடிக்க மாட்டார். அந்த இடியில் கோபமே இருக்காது, அச்சு அடிப்பது மாதிரி அதுவும் வேலையில் ஒரு பகுதி. காலை ஒன்பதரைக்குப் பள்ளிக்கூட மணி கேட்கும். தெருவில் பையன்கள் ஓடுகிற சத்தம் கேட்கும். பிறகு ஒரு அமைதி வருமே, அதுதான் எனக்குப் பிடிக்காது. ஊரில் உள்ள பையன்கள் எல்லாரும் ஒரே பெட்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி இருக்கும்.

அக்கா கல்யாணத்துக்கு அப்பா முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தார். பாவும் பட்டும் ஜரிகையும் முதலாளி கொடுப்பார், நெய்து கொடுத்தால் கூலியில் கழித்துக்கொள்வார். கழியும்... ஆனால் தீராது. பணம் கொடுத்த அன்று அவர் வீட்டுக்கு வந்திருந்தார். நல்ல மனிதர்தான், எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொண்டுவந்தார். என்னைத் திருப்பி நிறுத்திப் பார்த்துவிட்டு, "பையன் இருக்கான் இல்ல, கோர்வை ஓடிடும்" என்றார். அடகுக் கடையில் குத்துவிளக்கைத் தட்டிப் பார்ப்பார்களே, அந்த மாதிரி! கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. முன்பணம் என்றால் எங்களுக்கு முன்பணம்தான்.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986-ல் வந்தது. அதை முழுசாக நான் படித்தது தாம்பரத்துக்கும் மாம்பலத்துக்கும் நடுவில், ரயிலில் நின்றுகொண்டு. மூன்றாவது பிரிவு, பதினாலு வயது நிரம்பாத பிள்ளைகளை இன்னின்ன வேலைகளில் சேர்க்கக்கூடாது என்கிறது. கூடவே வரும் பட்டியலில் துணிக்குச் சாயம் போடுவதும் நெய்வதும் இருக்கின்றன. ஆஹா என்று அடுத்த வரிக்குப் போனால் ஓர் 'ஆயின்'! தொழில் செய்பவர் தன் குடும்பத்தார் உதவியோடு நடத்தும் பட்டறைக்கு இது பொருந்தாது.

அதாவது, அடுத்த வீட்டுத் தறியில் உட்கார்ந்தால் நான் குழந்தைத் தொழிலாளி. எங்கள் வீட்டுத் தறியில் உட்கார்ந்தால் நான் அப்பாவுக்கு உதவும் நல்ல பிள்ளை. சட்டம் டெல்லியிலிருந்து கிளம்பி, காஞ்சிபுரம் வந்து, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வாசல் வரை வந்து, செருப்பைக் கழற்றாமலே திரும்பிப் போயிருக்கிறது. (இந்தப் பிரிவை அப்படியே ஆங்கிலத்தில் ஆய்வேட்டில் போட்டேன். காப்பி கண்டுபிடிக்கும் சாஃப்ட்வேர் உடனே சிவப்பு அடித்தது. பத்து சதவிகிதம் வரைதான் மன்னிப்பு என்பது 2018 விதி. பார்லிமென்டிலிருந்து திருடியதாக என் மேல் சந்தேகம்! மேற்கோள் குறி போட்டதும் விட்டுவிட்டது.)

பிறகு காலம் மாறியது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சிவகாசி வழக்கில், ஆபத்தான வேலையில் ஒரு குழந்தையை வைத்திருந்தால் முதலாளி 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்றது. எங்கள் ஊரிலும் அதிகாரிகள் வந்தார்கள், மீட்ட பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகள் வந்தன. பட்டுத் தொழிலில் அடமானமாகும் பிள்ளைகளைப் பற்றி ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-ல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இருக்கிறது. 2016-ல் சட்டத்தைத் திருத்தி எல்லா வேலைக்கும் தடை என்றார்கள். அப்போதும், பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு ஜன்னல் திறந்தே இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், நான் போன வீடுகளில் தறிப் பலகையில் ஒரு பையனையும் பார்க்கவில்லை. இது சாதாரண விஷயம் இல்லை.

காந்தி ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் என்னிடம் அலுத்துக்கொண்டார். "பசங்களை எழுப்பி விட்டுட்டாங்க சார், கோர்வை போச்சு. அந்தச் சின்ன விரலுக்கு வர்ற நெளிவு பெரியவங்களுக்கு வராது." அவருடைய பையன் என்ன செய்கிறான் என்று கேட்டேன். ஏற்காட்டில் கான்வென்ட், ஹாஸ்டல். "விரல் நெளிவு எப்படி இருக்கு?" என்று கேட்க வாய் வரை வந்தது. காபி வாங்கிக் கொடுத்திருந்தார், விட்டுவிட்டேன்.

ஆனால் மூன்று நாடாவுக்கு ஆள் வேண்டுமே? பையன் எழுந்து போனான். சரி. அந்த இடத்தில் யார் உட்கார்ந்தார்கள்?

இதுதான் என் ஆராய்ச்சிக் கேள்வி. எழுதிப் பார்த்தால் ஒரு வரி. அதற்காகத்தான் லீவு நாளெல்லாம் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக அலைகிறேன். பதில் ஒன்றும் ரகசியம் இல்லை, எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அவ்வளவு தெரிந்த விஷயம் என்பதாலேயே யாரும் சொல்வதில்லை.

ஒரு வீடு. அறுபது வயசுக்காரர் தறியில். பக்கத்தில் அவர் மனைவி. கையில் கரை நாடா. நான் கேள்வித்தாளைப் பிரித்தேன்.

"அம்மா, நீங்க என்ன தொழில் பண்றீங்க?"

"நான் இன்னா பண்றேன்... ஊட்லதான் சும்மா இருக்கேன் தம்பி." நாடா போகிறது, வருகிறது.

பெரியவர் திருத்தினார். "சும்மா கூடமாட ஒத்தாசை. அவ்ளோதான்."

"காலையில எத்தனை மணிக்கு உக்கார்றீங்க?"

"சமைச்சு வெச்சுட்டு ஏழு மணிக்கு உக்காருவேன். நடுவுல தார் சுத்தணும். தண்ணி புடிக்கணும். பொழுது போனா எழுந்துருவேன்."

"கூலி?"

"சேலைக்குத்தானே கூலி!" என்றார் பெரியவர், இது என்ன கேள்வி என்பதுபோல. நியாயம்தான். கூலி நோட்டில் சேலைக்கு ஒரு வரி. அந்த வரியில் ஒரு பெயர். நெய்தது நாலு கை.

அந்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரித்தார். "எழுதிக்க தம்பி... சும்மா இருக்காங்கன்னு எழுதிக்க."

சர்க்கார் எண்ணாமல் இல்லை. 2019-20-ல் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் கைத்தறியில் இருப்பவர்கள் சுமார் 35 லட்சம் பேர், அதில் பெண்கள் 25 லட்சத்துக்கும் மேல். தலை எண்ணும்போது பெண் இருக்கிறாள். கூலி எண்ணும்போதுதான் காணாமல் போய்விடுகிறாள். சமூகப்பணி என்பது அந்த அம்மாளுக்குத் தோள்வலி தைலம் வாங்கிக் கொடுப்பது என்றால், சமூகக் கொள்கை என்பது கூலி நோட்டில் இரண்டாவது பெயருக்கு ஒரு கட்டம் போடுவது. மாமனாருக்கு இதைச் சொன்னேன். "கட்டம்தானே? ஸ்கேல் வெச்சுப் போட்டா ஆச்சு" என்றார்.

அந்த வீட்டுப் பையன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நிற்கிறது. யூனிஃபார்ம், கழுத்தில் பேட்ஜ். தறியில் உட்காருவாயா என்று கேட்டேன். "மாசம் பொறந்தா சம்பளம் அக்கவுண்ட்ல விழுதுண்ணே. இதுல முகூர்த்தத்தை நம்பணும், மழையை நம்பணும், முதலாளியை நம்பணும்" என்றான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் முதல் கார் உருண்டது 1998-ல். அதற்குப் பிறகு பிறந்த பையன்கள் யாருக்கும் தறி மேல் கோபம்கூட இல்லை. அது அப்பா வைத்திருக்கும் பழைய சைக்கிள் மாதிரி. கோர்வை இல்லாமல் ஒரே ஆள் நெய்துவிடும் சேலைகள் பெருகிவிட்டதற்கு அவனும் ஒரு காரணம்தான். அவனைக் குறை சொல்ல நான் யார்? நானும் காலை வண்டி பிடித்து ஓடுகிறவன்தானே.

நான் எப்படி எழுந்தேன் என்று சொல்லவில்லையே. 1991 ஜூன். பள்ளிக்கூடம் திறந்த வாரம். அம்மா அடுப்படியிலிருந்து வந்தார், கையைப் புடவையில் துடைத்தார், என் தோளைத் தொட்டு, "எழுந்துர்ரா. நான் போடறேன்" என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எம்.ஜி.ஆர். 1982-ல் விரிவாக்கிய சத்துணவு அப்போது எங்கள் பள்ளியில் போட்டுக்கொண்டிருந்தார்கள். மதியச் சோறு அங்கே முடிந்துவிடும் என்பதும் அம்மாவின் கணக்கில் இருந்திருக்கும். நான் எழுந்தேன். அந்தப் பலகையில் அம்மா இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தார், அப்பா போகும் வரை.

இப்போது அம்மாவுக்கு வலது தோள் உயராது. தலை வாரிக்கொள்ள என் மனைவி வேண்டும். அப்பாவிடம் நெசவாளர் அடையாள அட்டை இருந்தது. அம்மாவிடம் ரேஷன் கார்டு இருக்கிறது, அதில் 'குடும்பத் தலைவரின் மனைவி' என்றிருந்தது.

சென்ற மாதம் அம்மாவையும் பேட்டி எடுக்கலாமா என்று மேடத்திடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்தார். ஆராய்ச்சி செய்பவன் தள்ளி நிற்கவேண்டும் என்பது இலக்கணம், பெற்ற தாயிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்பது என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. கடைசியில், உறவை மறைக்காமல் எழுதினால் சரி, ஒப்புதல் படிவம் கட்டாயம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அம்மா எதிரில் உட்கார்ந்து படித்தேன். "இவ்வாய்வில் தாங்கள் மனமுவந்து பங்கேற்பதற்கும், எந்நேரமும் விலகிக்கொள்வதற்கும் தங்களுக்கு முழு உரிமை உண்டு..."

"எதுல இருந்து விலகறது?"

"இந்தப் பேட்டியில இருந்தும்மா."

"இப்ப கேட்டு இன்னா பண்றது? சரி, படி."

"தங்கள் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியிடப்படாது. எண் மட்டுமே குறிப்பிடப்படும்..."

அம்மா கையை நீட்டிப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். அறிவொளி இயக்கத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றவர். விரல் வைத்து அந்த வரியைத் தேடிப் பிடித்தார்.

"இதுலயும் என் பேரு வராதா?"

"அது ரூல்மா. உங்களுக்குப் பாதுகாப்பு."

"எவன் வந்து என்னைப் புடிக்கப் போறான்?"

என் மனைவி சமையல்கட்டிலிருந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படிவத்தில் கையெழுத்துப் போடும் இடத்தில் அம்மா தன் பெயரை முழுசாக எழுதினார். வலது கை மேலே வராததால் மணையை மடியில் வைத்து எழுதினார். கோடு தாண்டி, எண் போட வேண்டிய கட்டம் வரைக்கும் போய்விட்டது.

பெயர் போட்டுக்கொள்ள அவரே சம்மதித்தால் போடலாமா என்று மேடத்துக்கு மெயில் அனுப்பியிருக்கிறேன். கமிட்டிதான் முடிவு செய்யவேண்டுமாம். வரும் சனிக்கிழமை பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆபீஸில் பெர்மிஷன் கேட்கவேண்டும். மேனேஜர் கொடுத்துவிடுவார், ரத்த தான முகாமுக்குத்தான் தேதி கேட்பார்.